ஓரெழுத்து தள்ளி

நகரி
21 ஜனவரி 2025

சுமித்ராவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். இரண்டுமே பொய்யாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

போன் இருக்கும்போது அக்கா எதற்குத் தபால் எழுதுகிறாள் என்று நினைப்பாய். அந்தப் போன் எந்நேரமும் சந்தியா கையில் இருக்கிறது. நீ அனுப்புவதை எனக்கு முன்னால் அவள் படிக்கிறாள், என் பேரில் பதிலும் அவளே போடுகிறாள். இது அவள் கண்ணில் படக்கூடாத பேச்சு. நீயும் பதில் எழுதினால் வீட்டுக்கு எழுதாதே. உன் மாமா பேருக்குத் தறிக் கொட்டகை விலாசத்தில் போடு. பிரிக்காமல் கொண்டுவந்து கொடுப்பார், அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்.

பொங்கலுக்கு வந்தபோது உங்கள் கம்பெனியில் செய்கிற கேமை ஒரு பழைய லேப்டாப்பில் போட்டு அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாய். இன்னும் முடியவில்லை, சும்மா ஆடிப் பார்க்கட்டும் என்றாய். கதை எழுதினது என் தங்கச்சி என்று தெருவில் நாலு பேரிடம் பெருமையடித்துக்கொண்டேன். எனக்கு வேண்டியதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சந்தியா ஓடிவந்து, "ம்மா, பொய்யம்மாவப் புடிச்சிட்டேன், வந்து பாரு" என்று ஈரக் கையைப் பிடித்து இழுத்தாள். போய்ப் பார்த்தேன். சந்திரகிரிக் கோட்டை மாதிரி ஒரு சபை. நடுவில் ஒரு ராணி மண்டியிட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் மடியில் இருந்த பிள்ளை எழுந்து வேறொரு பெண்ணிடம் ஓடுகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள். என் மகளும் தட்டினாள்.

பிறகு கதையைச் சொன்னாள். ராணிக்குப் பிள்ளை இல்லையாம், யாரோ பெற்றதைத் தன்னுடையது என்று ஊரை ஏமாற்றுகிறாளாம். அந்தப் பொய்யைக் காக்க 'முடிச்சு' என்று ஒரு ரகசியக் கூட்டம், அதில் நாலு பெண்கள். அதைக் கண்டுபிடிக்க 'சல்லடை' என்று இன்னொரு ரகசியக் கூட்டம். ஆடுகிறவர் சல்லடைக்காரர். நாலு பேர் வாயையும் ஒவ்வொன்றாகத் திறந்தால் ஜெயம். அந்த நாலு பேரில் மருத்துவச்சிக்கு இடது கையில் தீக்காயம் இருக்கிறது. "இவங்க நம்ம ரத்னம்மா மாதிரியே கீறாங்க இல்லம்மா" என்று கேட்டாள். நான் மீன் நாறுகிறது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

முடிச்சில் நாலு பேர். நாமும் நாலு பேர்தான். நீ, நான், பிரசவத்துக்குக் கூட இருந்த ரத்னம்மா, போய்ச் சேர்ந்துவிட்ட நம் அம்மா. உன் மாமாவுக்கும் தெரியும், ஆனால் அவர் வாயே இல்லாத ஆள், கணக்கில் சேர்த்தி இல்லை.

சந்தியாவைப் பெற்றது நீ. வளர்த்தது நான். இத்தனை வருஷத்தில் இதை நான் எழுத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. படித்ததும் கிழித்துப் போடு.

ஒன்றே ஒன்று சொல். அந்த ராணி நான்தானா?

துர்கா


திருப்பதி, கொர்லகுண்டா
29 ஜனவரி 2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். கிழிப்பதற்கு முன்னால் எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே.

அந்த ராணி நீ இல்லை. எப்படி நம்ப வைப்பது என்றுதான் தெரியவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

எங்கள் கம்பெனி ஒரு டிபன் சென்டருக்கு மேலே எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிற இடம். முதலாளி ஹரிபாபுவுக்குச் சந்திரகிரியை வைத்து ஒரு கேம் செய்ய ஆசை. சரித்திரப் புத்தகங்களைப் புரட்டச் சொன்னார். நானூறு வருஷத்துக்கு முந்தின கதை ஒன்றில் பிள்ளையில்லாத ஒரு ராணியைப் பற்றி இரண்டு வரி இருந்தது. யாரோ பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று காட்டினாள், அதனால் வாரிசுச் சண்டை வந்தது, அவ்வளவுதான். அவள் பேரைக்கூட ஆளுக்கொரு விதமாக எழுதியிருந்தார்கள். அதனால் கொண்டமாம்பா என்று நாங்களே பேர் வைத்தோம். முடிச்சும் சல்லடையும் நாங்கள் கட்டினதுதான், எந்தப் புத்தகத்திலும் கிடையாது. கேம் என்றால் வில்லி வேண்டும் என்றார் ஹரிபாபு. ராணி வில்லி ஆனாள்.

மருத்துவச்சிக்குக் கை வரையச் சொன்னபோது எனக்கு ரத்னம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. அது தப்பு. யோசிக்காமல் செய்தேன். ஆனால் ராணிக்கு உன் முகத்தை நான் வைக்கவில்லை, அம்மா மேல் சத்தியம். உண்மையைச் சொன்னால் ராணியைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. கடைசியில் சபைக்குள் வருகிறாளே, பேரில்லாத ஒரு பெண், அவளைப் பற்றித்தான் யோசித்தேன். பேர் என்ன வைக்கலாம் என்று ஹரிபாபு கேட்டார். வேண்டாம் சார், ஒரு நிமிஷம்தானே வருகிறாள் என்றேன்.

அந்த ஒரு நிமிஷத்தைப் பதினோரு தடவை மாற்றி எழுதினேன் அக்கா. வேறெங்கும் எழுத எனக்கு இடம் இல்லை.

மன்னித்துவிடு.

சுமி


நகரி
10 பிப்ரவரி 2025

சுமித்ராவுக்கு,

ராணியைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். இதற்கு, ஆமாம் அது நீதான் என்றே சொல்லியிருக்கலாம்.

நீ யோசிக்காததை நான் சொல்கிறேன், கேள். உன் காலேஜ் கடைசி வருஷத்தில் அந்த ஆள் கையை விரித்துவிட்டுப் போனான். நீ தண்டவாளம் பக்கம் போனாய். அம்மா உன்னைப் பிடித்து இழுத்து வந்தாள். திருத்தணியில் ஒரு வீடு பிடித்தோம். கல்யாணமாகி ஆறு வருஷம் ஒன்றும் இல்லாதிருந்த துர்கா இப்போது உண்டாகியிருக்கிறாள், வைத்தியத்துக்காக அங்கே இருக்கிறாள் என்று தெருவில் அம்மா சொன்னாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தோம். அந்த ஐந்து மாதம் உனக்குப் பொங்கிப் போட்டது நான். பிள்ளை பிறந்த மூன்றாம் நாள் உனக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. ஒரு கையில் உனக்கு ஈரத்துணி, மறு கையில் அவளுக்குப் பால் புட்டி. அவள் புட்டியை வாயில் வாங்காமல் துப்பினாள். துப்பத் துப்ப நான் கொடுத்தேன். எட்டாம் நாள் உறிஞ்சினாள். அன்றைக்கு நான் ஊரை ஏமாற்றவில்லை. அன்றைக்கு நான் அம்மாவானேன்.

உங்கள் ராணி அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாளா இல்லையா என்று யாராவது கேட்டீர்களா? உங்கள் கேமில் அதற்கு ஒரு பட்டன் உண்டா?

என் தப்பையும் சொல்லிவிடுகிறேன். நம் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அம்மாவின் தங்கச்சியைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுகின்றன. சந்தியாவை மட்டும் நான் டிவியில் வருகிற மாதிரி சித்தி என்று பழக்கினேன். சின்னம்மாவில் ஓர் அம்மா இருக்கிறது, அதுகூட உனக்குப் போகக்கூடாது என்று நினைத்தேன். அவள் இரண்டு தடவை மறந்து சின்னம்மா என்றபோது வாயில் ஓர் அடி போட்டேன். மூன்று வயசுப் பிள்ளை. இதை யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் நீ சும்மா இருந்தாயா? அவளை உன் பக்கம் இழுக்க ஒரு கோட்டையையே கட்டி அனுப்பியிருக்கிறாய்.

உன்னைத் தெலுங்குப் பள்ளியில் சேர்த்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அம்மா தறியில் இருந்ததால் நான்தான் கூட்டிப்போனேன். எனக்குப் பதினொன்று, உனக்கு ஐந்து. "நீ தல்லி எவரு?" என்று சார் கேட்டார். உன் அம்மா யார் என்று கேட்கிறார். நம் வீட்டில் தமிழ்தானே, தல்லி என்றால் அம்மா என்று உனக்குத் தெரியாது. தள்ளி நிற்கச் சொல்கிறார் என்று நினைத்து ஓர் அடி தள்ளி நின்றாய். அவர் திரும்பக் கேட்டார். இன்னும் ஓர் அடி. மூன்றாம் தடவை கேட்டபோது சுவரில் முதுகு முட்டி அழுதாய். பல வருஷம் வீட்டில் இதைச் சொல்லிச் சிரித்தோம்.

இப்போது சிரிப்பு வரவில்லை. தல்லி எவரு என்று கேட்டால் தள்ளி நிற்பது உனக்குப் புதிதில்லையே. நாற்பதாம் நாள் பரீட்சை என்று பஸ் ஏறினவள்தானே நீ.

துர்கா


திருப்பதி
3 மார்ச் 2025

அக்கா,

மூன்று வாரம் பதில் எழுதவில்லை. எழுதினதையெல்லாம் கிழித்தேன். கடிதம் கிழிப்பதில் நான் இப்போது கை தேர்ந்தவள்.

நாற்பதாம் நாள் நானாகப் பஸ் ஏறவில்லை. அம்மா ஏற்றிவிட்டாள். "போனா போனவளாவே இரு, திரும்பி அதைத் தூக்காத, ரெண்டு பேருக்கும் நல்லதில்ல" என்றாள். வடமாலபேட்டை தாண்டும்வரை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே போனேன், ரவிக்கை நனைந்திருந்ததை யாரும் பார்க்கக்கூடாது என்று. அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளி மாதிரி வந்து, சாக்லேட் கொடுத்து, கன்னத்தைத் தொடாமல் திரும்பினேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அதைத் தள்ளி நின்றது என்று நீ சொல்வாயென்று நினைக்கவில்லை.

இனி சுற்றி வளைக்கவில்லை. வருகிற ஜூன் ஒன்பதாம் தேதி சந்தியாவுக்குப் பதிமூன்று முடிகிறது. அன்றைக்கு அவளிடம் சொல்லிவிட வேண்டும். நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். அவளை என்னோடு கூட்டிவரும் எண்ணம் எனக்கு இல்லை. என் ஒற்றை அறையில் எனக்கே இடம் இல்லை. ஆனால் ரத்னம்மாவுக்கு இப்போதெல்லாம் வாய் நிற்பதில்லை என்று பொங்கலின்போது நீயேதான் சொன்னாய். யாரோ சொல்லித் தெரிவதைவிட நம் வாயால் தெரியட்டும்.

கோபத்தில் எழுதவில்லை. கொஞ்சம் கோபமும்தான்.

சுமி


நகரி
14 மார்ச் 2025

சுமி,

பயமாக இருக்கிறது.

அவள் உன்னிடம் ஓடிவிடுவாள் என்று பயம். போன இரண்டு கடிதத்திலும் எழுதின கோபமெல்லாம் இதன் மேல் போர்த்தின துணி. மடியிலே கனம் இருந்தால் வழியிலே பயம் என்பார்கள். என் மடியில் இருப்பது அவள்தான்.

அம்மா உன்னைப் பஸ் ஏற்றினாள் என்பது எனக்குத் தெரியாது. நீயாகப் போனதாகத்தான் என்னிடம் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். பெற்றவளே விட்டுப் போனாள், அப்புறம் எனக்கென்ன குற்றம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. அம்மா இரண்டு பேரிடமும் வேறு வேறு சொல்லிவிட்டுச் செத்துப்போனாள். இப்போது யாரிடம் போய்ச் சண்டை போடுவது.

நேற்று கொட்டகையில் புதுப் பாவு பிணைத்தோம். பழைய பாவு முடிகிற இடத்தில் புது நூலை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கிற வேலை, உனக்குத் தெரியாததா. துணியில் பார்த்தால் சேர்த்த இடம் தெரியாது. விரலால் தடவினால் தெரியும். அவளுக்கும் தெரியும் என்றுதான் தோன்றுகிறது. போன மாதம் தலை பின்னிவிடும்போது, "நா ஏம்மா உன்ன மாதிரியும் இல்ல, நைனா மாதிரியும் இல்ல" என்று கேட்டாள். எண்ணெய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சொல்வதானால் நான்தான் சொல்ல வேண்டும். அது என் பாத்தியதை. ஆனால் வாய் வரவில்லை. நாள் குறித்து மிரட்டாதே.

ஒன்று கேட்கிறேன், முடிந்தால் செய். அந்த ராணியை மண்டியிட வைக்காதே.

துர்கா


திருப்பதி
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

ஹரிபாபுவிடம் ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். ராணி தோற்கிற முடிவை எடுக்க மாட்டேன் என்றார், ஆடுகிறவர்கள் அதற்காகத்தான் காசு கொடுக்கிறார்களாம். ராணி பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிற ஒரு காட்சியாவது வைக்கலாம் சார் என்றேன். ரகசியக் கூட்டத்துக் கேமில் சோறு எதற்கு என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது போல. மறுநாள் கூப்பிட்டு, இரண்டாவதாக ஒரு முடிவு மறைத்து வைத்துக்கொள், கண்டுபிடிக்கிறவர் கண்டுபிடிக்கட்டும் என்றார். எழுதிவிட்டேன். சோறு ஊட்டும் காட்சியும் இருக்கிறது. பிள்ளை முதலில் துப்புகிறது.

மறைந்த முடிவு என்ன என்று உனக்குச் சொல்ல மாட்டேன். ஆடித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது ஒரு வேண்டுகோள். கேமை வெளியிடுவதற்கு முன்னால் பிள்ளைகளை வைத்து ஆடிப் பார்க்கிறோம். சந்தியாவை லீவில் ஒரு வாரம் அனுப்புவாயா? அவளிடம் எதுவும் சொல்ல மாட்டேன். இந்தத் தடவை அம்மா மேல் இல்லை, அவள் மேலேயே சத்தியம் செய்கிறேன். நான் அவளோடு ஒரு நாள் முழுதாக இருந்ததில்லை அக்கா. நாற்பதாம் நாளுக்குப் பிறகு இல்லை.

சுமி


நகரி
30 ஏப்ரல் 2025

சுமி,

மே பத்தாம் தேதி காலை உன் மாமா அவளைப் பஸ் ஏற்றிவிடுவார். ஸ்டாண்டில் நின்றுகொள்.

பாகற்காய் துன்னமாட்டாள், திணிக்காதே. இரவு விளக்கை அணைத்தால் தூங்க மாட்டாள், கேட்டால் பயம் இல்லை என்பாள், பயம்தான். தலைக்கு ஊற்றினால் நன்றாகத் துவட்டு, சளி பிடிக்கும். கால் விரலில் சுளுக்கு வரும், கட்டை விரலை இழுத்துவிட்டால் சரியாகிவிடும்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே தோன்றியது. இது உனக்குத் தெரியாமல் இருப்பதும் நான் செய்ததுதான்.

அனுப்புகிறேன். திருப்பி அனுப்பு.

துர்கா


திருப்பதி
19 மே 2025

அன்புள்ள அக்கா,

சந்தியா பத்திரமாக வந்து சேர்ந்தாள் என்று மாமா போனில் சொன்னார். அவள் என்ன சொன்னாள், எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. நடந்ததை உனக்கு அப்படியே எழுதுகிறேன்.

முதல் மூன்று நாள் அவள் சல்லடைக்காரியாக ஆடி ராணியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கை வேகம் பிசாசு மாதிரி. நான்காம் நாள் கடைசிக் கட்டத்தில், ராணி பிள்ளையோடு நிற்கிற இடத்தில், ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள். மறைந்த முடிவு அதுதான் அக்கா. ஒரு நிமிஷம் எதையும் அழுத்தாமல் சும்மா இருக்க வேண்டும். எங்கள் ஆபீசில் எட்டுப் பேரில் ஒருவராலும் முடியவில்லை. இவள் தாகத்தால் கண்டுபிடித்தாள்.

திரும்பி வந்தபோது சபையில் காவல்காரன் தெலுங்கில் தல்லி எவரு என்று கேட்டுக்கொண்டிருந்தான். பேரில்லாத அந்தப் பெண் கூட்டத்திலிருந்து வெளியே வருகிறாள். பிள்ளையைப் பார்க்கிறாள். பிள்ளை ராணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. அவள் ஓர் அடி தள்ளி நிற்கிறாள். ராணி மண்டியிடுவதில்லை. திரை மூடுகிறது.

சந்தியா கையில் டம்ளரோடு நின்று பார்த்தாள். "சித்தி, அவங்கதான பெத்தாங்க, ஏன் தள்ளிப் போறாங்க?" என்று கேட்டாள். பிள்ளை யாரைக் கட்டிக்கொண்டிருக்கிறது பார் என்றேன். டம்ளரைக் கீழே வைத்தாள். திரும்ப ஆடினாள். இந்தத் தடவை வேண்டுமென்றே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் அதைப் பார்த்துவிட்டாள். காவல்காரன் பேசும் தெலுங்கு, திரையின் அடியில் தமிழ் எழுத்தில் ஓடும். தல்லி எவரு என்று இருக்க வேண்டிய இடத்தில் நான் 'தள்ளி எவரு' என்று அடித்திருக்கிறேன். ஒரு மாதமாக யார் கண்ணிலும் படவில்லை. தெலுங்குக்காரர்கள் தமிழைப் படிக்க மாட்டார்கள், தமிழைச் சரிபார்க்கிற மெட்ராஸ்காரர்களுக்குத் தெலுங்கு தெரியாது. நகரிப் பெண் ஒருத்தி செய்த தப்பை இன்னொரு நகரிப் பெண் கண்டுபிடித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தில் பள்ளிக்கூடத்துக் கதையை நானே அவளிடம் சொன்னேன், மூன்று தடவை தள்ளி நின்று சுவரில் முட்டிக்கொண்டதை. சிரித்து விக்கல் எடுத்துவிட்டது.

விக்கல் நின்ற பிறகு என்னையே பார்த்தாள். "இப்பவும் நீ அப்டித்தான் சித்தி. நா கிட்ட வந்தா ஓரடி தள்ளிக்கினு நிக்கிற. எதுக்கு?"

நான் பார்த்தேன். அவள் கட்டில் பக்கம், நான் அடுப்பு மேடையில் முதுகை ஒட்டிக்கொண்டு. அதற்கு மேல் பின்னால் போக இடம் இல்லை. ஐந்து வயசில் முட்டின அதே சுவர்தான் என்று தோன்றியது.

தோசை ஆறிவிடும், வா என்றேன். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டேன் அக்கா. அன்று இரவு விளக்கை எரியவிட்டே தூங்கினாள். கால் விரல் சுளுக்கிக்கொண்டது, இழுத்துவிட்டேன். தூக்கத்தில் அம்மா என்றாள். உன்னைத்தான்.

ஜூன் ஒன்பதை நான் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். உனக்கு எப்போது வாய் வருகிறதோ அப்போது சொல். வராவிட்டாலும் சரி. எழுத்துப் பிழையைத் திருத்திவிட்டேன்.

சுமி


நகரி
13 ஜூன் 2025

அன்புள்ள சுமிக்கு,

சொல்லிவிட்டேன்.

ஒன்பதாம் தேதி காலை, தலைக்கு ஊற்றிப் புதுத் துணி போட்டு, பாயசம் வைத்துவிட்டு, நீ புது முடிவைப் போட்டு அவளிடம் கொடுத்தனுப்பின லேப்டாப்பை எடுத்துவந்து அவள் முன்னால் நானே உட்கார்ந்தேன். எப்படி ஆடுவது என்று கேட்டேன். அவள் சொல்லிச் சொல்லி, நான் தடுக்கித் தடுக்கி, கடைசிச் சபை வந்தது. கையை எடுத்துவிட்டேன். ஒரு நிமிஷம் எதையும் அழுத்தவில்லை. அந்தப் பெண் தள்ளி நின்றதும், "அது உன் சித்தி" என்றேன். ராணியைக் காட்டி, "இது நான்" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அழவில்லை. "செத்துப்போன ஆயாவுக்குத் தெரியுமா? நைனாவுக்கு? ரத்னம்மாவுக்கு?" என்று வரிசையாகக் கேட்டாள். எல்லாருக்கும் ஆமாம் என்றேன். "அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாதா" என்று எழுந்து போய்விட்டாள்.

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் கையால் சாப்பிடவில்லை. ரத்னம்மா வீட்டுக்குப் போய்த் துன்னுட்டு வந்தாள். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். பெறாத மனமும் அப்படித்தான் பித்துப் பிடிக்கிறது. அன்று பாயசத்தைப் பூனைக்கு ஊற்றினேன். உன்னிடம் ஓடிவிடுவாள் என்று அவள் செருப்பு வாசலில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். உன் மாமா முதன்முறையாக வாயைத் திறந்து, "உட்டுப் புடி" என்றார். விட்டேன்.

நேற்று ஸ்கூல் திறந்தார்கள். எட்டாவது சேர்க்கைக்கு ஒரு பாரம் கொடுத்திருந்தார்கள், எல்லாம் தெலுங்கில். ஜெராக்ஸ் எடுத்து முதலில் அதில் எழுதிப் பார்த்துவிட்டு அப்புறம் நல்ல பாரத்தில் எழுதுவது அவள் வழக்கம். காலையில் அவள் எழுதும்போது நான் அந்தப் பக்கமே போகவில்லை. போன பிறகு பார்த்தேன், ஜெராக்ஸ் அடுப்படியில் உப்புச் சாடிக்கு அடியில் இருந்தது. மறந்து வைத்துவிட்டுப் போனது இல்லை. நான் உப்பு எடுக்காமல் சமைக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் வந்தாள். பை வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்து, "போடும்மா" என்றாள். போட்டேன். பாதி சாப்பிட்டபோது, "சின்னம்மாவ அடுத்த ஞாயித்துக்கெழம வரச் சொல்லு" என்றாள். சித்தி என்று சொல்லவில்லை. நான் திருத்தவும் இல்லை.

எதற்கு என்று கேட்டேன்.

"எவ்ளோ தூரம் தள்ளி நிக்கணும்னு நா சொல்றேன்" என்றாள்.

கோபம் இன்னும் இருக்கிறது அவளுக்கு, உன் மேலும் என் மேலும். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். கிளம்பும்போது பாகற்காய் வாங்கிவராதே.

அந்த ஜெராக்ஸை இதோடு வைத்திருக்கிறேன். தல்லி பேரு என்று அச்சடித்த இடத்தில் துர்காதேவி என்று தெலுங்கில் எழுதியிருக்கிறாள். அதற்குக் கீழே இடமே இல்லாத இடத்தில், தமிழில், தானே ஒரு கோடு போட்டு எழுதியிருக்கிறாள், பார்.

தள்ளி பேரு: சுமித்ரா.

இதைக் கிழித்துவிடாதே.

அக்கா